உபரி

ஆணையில் இருந்த சொல் அதுதான்.
ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்தியவளை
உபரி என்று எழுதி
குறும்பனைக்கு அனுப்பினார்கள்,
மூன்றரை வயதுக்காரர்களிடம்.

தோவாளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திறங்கினால்
கருவாட்டு வாசம் சேலை மடிப்புக்குள் ஏறிவிடும்.
முதல் வாரம் முழுக்க கைப்பையில் தலைவலித் தைலம்.

பெட்டியில் வந்திருந்தவை
இளஞ்சிவப்புக் கட்டைகள் பத்து,
குமிழ் வைத்த உருளைகள்,
உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய அ, ஆ, ழ.
பயிற்சியில் சொன்னார்கள்:
ஒருமுறை செய்து காட்டுங்கள்,
பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.
பதினேழு வருஷம் சாக்பீஸ் பிடித்த கைக்கு
சும்மா இருப்பதைப் போல்
கடுத்த வேலை வேறில்லை.

உப்புத்தாளை இந்த ஊர்க் காற்று
இரண்டு மாதத்தில் உரித்துவிட்டது.
பசை போட்டு ஒட்டினேன். மறுபடி உரிந்தது.
ஜெனிஷா ஒரு கை மணலோடு வந்து நின்றாள்.
பசை தடவிய அட்டையில் அவளே தூவினாள்,
அவளே தட்டி உதறினாள்.
ழ-வின் வளைவில் ஒரு சிப்பித் துண்டு ஒட்டிக்கொண்டது.
அங்கே வரும்போது எல்லார் விரலும்
கொஞ்சம் நின்று போகிறது.
எடுத்துவிடவா என்று கேட்டேன்.
"கெடக்கட்டும் டீச்சர்."

தண்ணீர் ஊற்றும் வேலை டயோனிஷுக்கு.
இந்தக் கூஜாவிலிருந்து அந்தக் கூஜாவுக்கு,
அங்கிருந்து திரும்ப.
பதினொரு முறை.
எண்ணியது நான்; அவன் எண்ணவில்லை.
சிந்தியதைத் துடைக்க ஒரு ஸ்பாஞ்ச் உண்டு.
சில நாள் துடைப்பதற்காகவே சிந்துகிறானோ
என்றுகூடத் தோன்றும்.
ஆயா லில்லி புஷ்பத்துக்குத்தான் மனம் ஆறவில்லை:
"குழாய்ல தண்ணி வாறதே ஒருநா விட்டு ஒருநா,
இதுல இது படிப்பாக்கும்!"

வெள்ளிக்கிழமை மௌன விளையாட்டு.
பாயில் கண்மூடி அவர்கள்.
வாசலுக்கு வெளியே நின்று
ஒவ்வொரு பேராக நான் முணுமுணுப்பேன்.
கேட்டவர் எழுந்து
காலடி கேட்காமல் வரவேண்டும்.

மௌனத்துக்கு எங்கே போவது இங்கே?
தூண்டில் வளைவுக் கல்லில் அலை அறைகிறது.
பங்குக் கோயில் ஒலிபெருக்கியில்
குடிநீர் வரி கட்டாதவர்கள் பட்டியல்.
மீன் ஸ்கூட்டர் ஹாரனை விடுவதாயில்லை.

இருந்தும் அமர்ந்தார்கள்.
பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் வந்துவிட்டார்கள்.
பெர்ஜின், என்றேன்.
பெர்ஜின்.
பாயில் அவன் மட்டும்,
தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் மூடியபடி.
மூன்றாம் முறைக்கு வாய் திறந்தேன்.
ஒரு விரலை உயர்த்தி
என்னை நிறுத்தினான்.

பிறகுதான் எனக்குக் கேட்டது.
அலைக்குப் பின்னால், வெகுவாகத் தள்ளி,
ஒரு அவுட்போர்டு எஞ்சின்.
"பவுலின் மாமாக்க வள்ளம்" என்றான், கண் திறக்காமல்.
இன்னொன்று வந்தது.
"இது யாருக்கதோ."
மூன்றாவது,
நடுநடுவே இருமுகிற ஒன்று.

எழுந்தான்.
பாயைச் சுருட்டி
இரண்டு ஓரமும் தட்டிச் சமன்செய்து
அலமாரியில் அதன் இடத்தில் வைத்தான்.
காலடி கேட்காமல் நடந்துவந்து
என் முன்னால் நின்றான்.
"இப்பம் சொல்லுங்க டீச்சர், எம் பேர."

சொன்னேன்.

அடுத்த மாதம் கலந்தாய்வு.
ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு இடம் காலி என்கிறார்கள்,
ஆறாம் வகுப்பு, கணக்கு.
விண்ணப்பம் பையில்தான் இருக்கிறது,
தைலக் குப்பிக்கு அடியில்.
நாலேகால் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
கடலில் ஏதோ ஒரு எஞ்சின் போகிறது.
கண்ணை மூடிப் பார்க்கிறேன்.
யாருக்கது என்று
இன்னும் பிடிபடவில்லை.